லேபிள் எடுக்கப் போன வழி

கேள்வி:

"ஐயா, ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஆறு மாதமாகப் பாதுகாப்புப் பொறுப்பும் என்னிடம் வந்திருக்கிறது. போன வாரம் கிடங்குக்குள் ஒரு ஃபோர்க்லிஃப்ட் ரிவர்ஸில் வந்தபோது, பேக்கிங்கில் வேலை செய்யும் பெண் ஒருவர் ரேக் முனையிலிருந்து வெளியே வந்துவிட்டார். லேபிள் எடுக்கப் போனாராம். பக்கத்தில் இருந்தவர் கத்தியதால் வண்டி நின்றது. அந்தப் பெண் தள்ளிக்கொண்டு வந்த கைவண்டி நசுங்கிவிட்டது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆபரேட்டர் 11 வருட அனுபவம் உள்ளவர். 'ரிவர்ஸ் ஹாரன் அடித்துக்கொண்டுதான் இருந்தது, அவங்க வந்ததை நான் பார்க்கவே இல்லை' என்கிறார். நிர்வாகம் அவரை ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்துவிட்டு, 'கவனமாக இருங்கள்' என்று நாலு இடத்தில் எழுதி ஒட்டச் சொல்கிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை. வெளியே யார்டில் ஒரு லோடரும் டிப்பர் லாரிகளும் ஓடுகின்றன. அங்கே இன்னும் பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? பெரிய செலவுக்கு உடனே அனுமதி கிடைக்காது."

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மனசு ஒப்பாதது சரிதான். அதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "லேபிள் எடுக்கப் போனாராம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

லேபிள் பிரின்டர் எங்கே இருக்கிறது? பேக்கிங் மேசைகளுக்கு எதிர்ப்பக்கம், ஃபோர்க்லிஃப்ட் ஓடும் பாதையைத் தாண்டி இருக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே பத்துப் பேர் வேலை செய்து, ஒவ்வொருவரும் ஒரு ஷிஃப்டில் பன்னிரண்டு தடவை லேபிள் எடுக்கப் போனால், போக வர 240 தடவை அந்தப் பாதையைக் கடக்கிறார்கள். மூன்று ஷிஃப்டுக்கு 720. இத்தனை தடவையும் கடப்பவரும் ஓட்டுபவரும் ஒரே நொடியில் கவனமாக இருக்க வேண்டும் என்றுதான் அந்தச் சுவரொட்டி கேட்கிறது. யாராலும் முடியாது. மனிதர்களிடம் கேட்கக் கூடாததை அது கேட்கிறது.

பிரின்டரை இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்தால் அந்த 720 என்பது பூஜ்யமாகிவிடும். ஒரு மின் இணைப்பும் ஒரு கேபிளும் போதும். பெரிய செலவுக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இதற்கு அது தேவைப்படாது. இந்த வாரமே செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்து ஆபரேட்டர். "பார்க்கவே இல்லை" என்று அவர் சொல்வதை நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. நீங்களே போய் அவர் சீட்டில் உட்காருங்கள். வண்டி நின்றிருக்கட்டும், பார்க்கிங் பிரேக் போட்டிருக்கட்டும், சாவி உங்கள் பையில் இருக்கட்டும். சம்பவத்தின்போது ஃபோர்க்கில் என்ன லோடு இருந்ததோ அதே லோடு இருக்கட்டும். ஒருவரை வண்டியைச் சுற்றி மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். அவர் கண்ணிலிருந்து மறையும் இடத்தில் "நில்" என்று சொல்லி, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மீண்டும் தெரியும் இடத்தில் இன்னொரு கோடு. சுற்றி முடித்துக் கீழே இறங்கிப் பார்த்தால், முன்னால் மாஸ்டும் (ஃபோர்க்கை ஏற்றி இறக்கும் செங்குத்துச் சட்டம்) லோடும் மறைக்கும் பகுதி, தலைக்கு மேலுள்ள கூண்டின் தூண்கள் மறைக்கும் கீற்றுகள், பின்னால் லோடைச் சமன்செய்ய வைத்திருக்கும் கனமான எதிர் எடையின் கீழே விழும் நிழல் எல்லாம் தரையில் படமாக இருக்கும். யார்டில் பக்கெட்டால் அள்ளிக் கொட்டும் லோடரிலும் இதையே செய்யுங்கள். லோடருக்கு எஞ்சின் மூடி பின்னால் நீண்டிருப்பதால், பின்பக்கம் குனிந்து வேலை செய்யும் ஒருவர் முழுதாகவே மறைந்துபோவார்.

படம் வரைந்த பிறகு, அந்தப் பகுதியில் நடமாடுகிற ஒவ்வொருவரையும் இரண்டு நிமிடம் அந்தச் சீட்டில் உட்கார வையுங்கள். பேக்கிங்காரர்கள், துப்புரவு செய்பவர்கள், அலுவலகத்திலிருந்து கையெழுத்து வாங்க வருபவர்கள், உங்கள் மேலாளர் எல்லாரையும். வகுப்பறைப் பயிற்சிகள் பல நடத்தியிருக்கிறேன். இந்த இரண்டு நிமிடத்துக்கு ஈடாக ஒன்றையும் நான் கண்டதில்லை. தன் கூட வேலை செய்பவர் மூன்று மீட்டர் தூரத்தில் நின்றும் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஒருவர் தானே பார்த்துவிட்டால், அப்புறம் வண்டிக்குப் பின்னால் நடக்கும்போது அவர் நடையே மாறிவிடுகிறது.

வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதையும் அவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் என்பது ஓட்டமும் நடையுமாகப் போகும் வேகம்தான். ஆனால் அந்த வேகத்தில் வண்டி நொடிக்கு 2.8 மீட்டர் நகர்கிறது. ஆபரேட்டர் ஆளைப் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்கில் அழுந்த ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடிக்கவே 2.8 மீட்டர் போய்விடுகிறது. அதற்குப் பிறகு நிற்கும் தூரம் தனி. வேகத்தை 15 ஆக்கினால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் ஒன்றரை மடங்காகாது, இரண்டேகால் மடங்காகும். 2.5 டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் தானே மூன்றரை நான்கு டன் எடை இருக்கும். லோடும் சேர்ந்தால் ஆறு டன்னைத் தாண்டிவிடும். லோடோடு சட்டென்று பிரேக் அடித்தால் லோடு முன்னால் சரியும். அது ஆபரேட்டருக்குத் தெரியும், அதனால் அவர் கால் தயங்கவும் செய்யும். இந்த நிலையில் ரேக் முனையிலிருந்து ஒருவர் வெளியே வந்தால், அந்த ஒரு நொடியில் அவரும் ஒரு மீட்டருக்கு மேல் நடந்து பாதைக்குள் வந்திருப்பார். கத்துவதற்கு அங்கே ஒருவர் இருந்தார் என்பதால்தான் நாம் இன்று கைவண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தால் திரும்பும் வண்டி. முன்பக்கம் இடது புறம் திரும்பும்போது பின்பக்கம் வலது புறமாக வீசும். கார், பைக் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புரியாது. "வண்டி அந்தப் பக்கம்தானே போகிறது" என்று ஒதுங்கி நிற்பவரைத்தான் எதிர் எடை வந்து சுவரோடு சேர்த்து அழுத்தும். ஆபரேட்டர் அல்லாதவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

சரி, சஸ்பென்ஷன். நிர்வாகத்திடம் ஒரே ஒரு வாதத்தை வையுங்கள். இந்தச் சம்பவம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? பார்த்தவர்கள் சொன்னார்கள், ஆபரேட்டர் மறைக்காமல் பேசினார். அதற்குப் பரிசு ஒரு வாரச் சம்பள வெட்டு என்றால், அடுத்த கைவண்டி நசுங்கும்போது அதை யாரோ சத்தமில்லாமல் பழைய இரும்போடு சேர்த்துப் போட்டுவிடுவார்கள். அதற்கடுத்த செய்தி ஆஸ்பத்திரியிலிருந்துதான் வரும். அவர் குடித்திருந்தாலோ, போனில் பேசிக்கொண்டு ஓட்டியிருந்தாலோ, தெரிந்தே விதியை மீறியிருந்தாலோ அது வேறு விஷயம்; நடவடிக்கை எடுக்கத்தான் வேண்டும். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

அவருக்கு மறுபயிற்சி கொடுங்கள். ஆனால் அதைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதியில், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் விபத்தில் சிக்கினாலும் சரி, நூலிழையில் தப்பினாலும் சரி, அவருக்கு மறுபயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. எந்தச் சம்பவமும் இல்லாவிட்டாலும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது அவர் ஓட்டுவதைப் பார்த்து மதிப்பிட வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டம் எதுவானாலும், இந்த நடைமுறையை நீங்களே கொண்டுவரலாம். 11 வருட அனுபவம் உள்ளவருக்குக் கை நன்றாக ஓடும். அதே 11 வருடத்தில் சில குறுக்குவழிகளும் கையோடு ஒட்டியிருக்கும். லோடு முன்பார்வையை மறைத்தால் வண்டியைப் பின்னோக்கி ஓட்டுவது, ஓடும்போது ஃபோர்க்கைத் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயர்த்தாமல் வைத்திருப்பது, சந்திப்பில் நின்று ஹாரன் அடித்துப் போவது, சரிவில் லோடு எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்கும்படி ஓட்டுவது எல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். அவசரத்தில் எதை விடுகிறார் என்பதை நீங்கள் ஓரமாக நின்று பார்த்தால்தான் தெரியும்.

ரிவர்ஸ் ஹாரன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், லோடர் பின்னால் வந்து ஒரு தொழிலாளியின் காலில் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. விசாரணையில் நானும் இருந்தேன். அலாரம் வேலை செய்ததா என்பதுதான் முதல் கேள்வி. வேலை செய்தது. அன்று முழுவதும் நான்கு வண்டிகளின் அலாரமும் மாறி மாறி வேலை செய்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது அவர் சொன்னார்: "சத்தம் கேட்டுச்சு சார். எப்பவும்தானே கேட்குது." அதற்கு என்னிடம் பதில் இல்லை. அலாரம் அடித்ததா என்று எழுதிக் கையெழுத்துப் போடும் படிவத்தை மாதாமாதம் நிரப்பியவன் நான். அந்தச் சத்தம் யாருக்காவது ஏதாவது சொல்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அதனால் அலாரத்தை எடுத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. அது இருக்கட்டும். 'பீப் பீப்' என்று ஒரே சுருதியில் அடிப்பதற்குப் பதிலாக, காற்று சீறுவதுபோல் ஒலிக்கும் அலாரங்கள் இப்போது கிடைக்கின்றன. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது அதில் எளிதாகப் பிடிபடும். வண்டியை விட்டு விலகி நிற்பவர்களைத் தேவையில்லாமல் தொந்தரவும் செய்யாது. வண்டிக்கு முன்னும் பின்னும் தரையில் நீல வெளிச்சம் விழச் செய்யும் விளக்குகளும் ரேக் முனைகளில் உதவும், வண்டி வருவதற்கு முன்பே வெளிச்சம் வந்துவிடுமே. கேமரா, சென்சார் என்று விற்பனையாளர்கள் நிறையக் கொண்டுவருவார்கள். அவற்றில் நல்லவை இருக்கின்றன. ஆனால் பிரின்டரை நகர்த்தாமல் கேமரா வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

பிரின்டர் போல இன்னும் என்னென்ன இருக்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் முக்கிய வேலை. கிடங்கின் வரைபடத்தை ஒரு பெரிய தாளில் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நின்று பார்க்க மாடிப்படியோ மேல்தளமோ இருந்தால் நல்லது. ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்று, வண்டி போகும் வழியை ஒரு நிறத்திலும் ஆள் போகும் வழியை இன்னொரு நிறத்திலும் கோடு போடுங்கள். உங்கள் தொழிற்சாலை விதிப்புத்தகத்தில் உள்ள நடைபாதையை வரையாதீர்கள், மனிதர்கள் நடக்கிற பாதையை வரையுங்கள். குடிதண்ணீர், கழிவறை, வருகைப் பதிவு எந்திரம், குப்பைத்தொட்டி, சூப்பர்வைசர் மேசை என்று அவர்களை இழுக்கிற இடங்கள் தாமாகவே வெளியே வரும். இரண்டு நிறமும் அடர்த்தியாக வெட்டிக்கொள்ளும் இடங்கள் நாலைந்து இருக்கும். அந்த நாலைந்துதான் உங்கள் வேலைப் பட்டியல்.

ஒவ்வோர் இடத்திலும் முதல் கேள்வி, இந்தக் கடப்பே இல்லாமல் செய்ய முடியுமா என்பது. முடியாவிட்டால், ஆளையும் வண்டியையும் தடுப்பால் பிரிக்க முடியுமா? தரையில் மஞ்சள் கோடு வண்டியை நிறுத்தாது. இரும்புத் தடுப்பு நிறுத்தும். குறைந்தபட்சம் ரேக் முனைகளிலாவது தடுப்பு வேண்டும், அங்கேதான் இரண்டு பேருக்கும் பார்வை இல்லை. கடந்தே ஆக வேண்டிய இடத்தில், நடப்பவர் தன் பக்கமாக இழுத்துத் திறக்கும் சின்னக் கதவு வையுங்கள். தள்ளித் திறக்கும் கதவு என்றால் நடை நிற்காது. இழுக்க வேண்டுமென்றால் ஒரு கணம் நிற்பார், நின்றால் பார்ப்பார். வண்டிப் பாதையை ஒருவழியாக்கி வளையமாக ஓட்ட முடிந்தால் ரிவர்ஸ் எடுப்பதே பாதி குறையும். வேகத்துக்குப் பலகை எழுதுவதை விட, வண்டியிலேயே உச்ச வேகத்தைக் குறைத்து வைக்க முடியுமா என்று சர்வீஸ்காரரிடம் கேளுங்கள். பல மின்சார ஃபோர்க்லிஃப்ட்டுகளில் அது முடியும்.

ஒளிரும் சட்டை எல்லாருக்கும் கொடுங்கள், நல்லதுதான். ஆனால் தரையில் நீங்கள் வரைந்த சாக்பீஸ் நிழலுக்குள் நிற்பவர் எந்தச் சட்டை போட்டிருந்தாலும் தெரியமாட்டார்.

இனி யார்டுக்கு வருகிறேன். அங்கே உங்களுக்குப் பயமாக இருப்பது நியாயமான பயம். லோடர் வேலை செய்யும்போது அதன் சுற்றுவட்டத்தில் நடந்துபோகும் ஆள் ஒருவர்கூட இருக்கக் கூடாது. இதில் விதிவிலக்கு வைக்காதீர்கள். டிப்பர் ஓட்டுநர்கள் கேபினை விட்டு இறங்கி, பின்பக்கம் போய் லோடு எப்படி விழுகிறது என்று பார்ப்பார்கள், தார்ப்பாய் கட்டுவார்கள், ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் உங்கள் ஆட்கள் அல்ல, உங்கள் பயிற்சிக்கு வராதவர்கள். அவர்கள் நிற்பதற்கென்று தடுப்புக்குப் பின்னால் ஓர் இடம் ஒதுக்குங்கள். நிழலும் உட்கார இடமும் இருக்கட்டும், இல்லாவிட்டால் நிற்க மாட்டார்கள். யாராவது லோடரை நெருங்கியே ஆக வேண்டுமென்றால், ஆபரேட்டர் கண்ணைப் பார்த்துக் கை காட்டி, அவர் பக்கெட்டைத் தரையில் இறக்கி, பிரேக் போட்டு, திரும்பக் கை காட்டிய பிறகே நெருங்க வேண்டும். லாரி ரிவர்ஸ் எடுக்கச் சைகை காட்ட ஒருவரைப் போட்டால், அவர் எப்போதும் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும் இடத்திலேயே நிற்க வேண்டும். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்த நொடியே ஓட்டுநர் நிறுத்திவிட வேண்டும். அந்த ஆளுக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள், போனும் வேண்டாம்.

லோடர் நடுவில் மடங்கித் திரும்பும் வண்டி. முன்பாதிக்கும் பின்பாதிக்கும் இடையில், ஏணிப்படிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் அளவு இடைவெளி இருக்கும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது அங்கே நின்று ஆபரேட்டரோடு பேசும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. இன்றைக்கே நிறுத்துங்கள். மெக்கானிக் அங்கே கை வைக்க வேண்டுமென்றால், மடங்காமல் பூட்டும் கம்பி வண்டியிலேயே இருக்கும். அதைப் போட்ட பிறகுதான். அதேபோல, தூக்கிய பக்கெட்டுக்குக் கீழேயும், தூக்கிய டிப்பர் தொட்டிக்குக் கீழேயும், முட்டுக் கொடுக்காமல் யாரும் தலையை நுழைக்கக் கூடாது. அதைத் தாங்கி நிற்பது எண்ணெய் அழுத்தம் மட்டுமே, ஒரு குழாய் வெடித்தால் போதும். ஹைட்ராலிக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவும் விடாதீர்கள். ஊசித்துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இராது. ஆனால் சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. கசிவைப் பார்க்க ஒரு அட்டைத் துண்டு போதும்.

லாரிக்குள் ஃபோர்க்லிஃப்ட் ஏறி லோடு வைக்கும் இடம் இருக்கிறதா? இருந்தால், லோடு முடியும் வரை லாரிச் சாவி உங்கள் ஆளிடம் இருக்கட்டும், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இருக்கட்டும். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து ஓட்டுநர் வண்டியை நகர்த்த, லாரிக்கும் மேடைக்கும் நடுவே உண்டாகும் இடைவெளியில் ஃபோர்க்லிஃப்ட் விழும் விபத்து உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப நடக்கிறது.

சீட் பெல்ட் பற்றி ஆபரேட்டர்களிடம் நீங்களே உட்கார்ந்து பேசுங்கள். "மெதுவாகத்தானே ஓட்டுகிறேன், எதற்குப் பெல்ட்?" என்பார்கள். அந்தப் பெல்ட் மோதலுக்காக மட்டும் போட்டதில்லை, முக்கியமாக வண்டி கவிழ்வதற்காக. ஃபோர்க்லிஃப்ட்டுக்குச் சக்கரம் நாலு இருந்தாலும், பின் அச்சு நடுவில் ஒரே புள்ளியில் ஆடுவதால், நிற்பது மூன்று கால் முக்காலி மாதிரிதான். லோடை உயரத் தூக்கிக்கொண்டு திரும்பினால் சாயும் என்பது எல்லாருக்கும் தெரியும். லோடே இல்லாமல் வேகமாகத் திரும்பினாலும் சாயும் என்பது பலருக்குத் தெரியாது. காலி வண்டியின் எடை பின்னால், முக்காலியின் குறுகிய பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கும். சாயும்போது குதிப்பதுதான் உடம்பின் இயல்பு. குதித்தவர் மேல்தான் தலைக்கூண்டு வந்து விழும். பெல்ட்டோடு சீட்டிலேயே இருந்து, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உடம்பைச் சாய்க்க வேண்டும். நின்ற வண்டியில் ஒவ்வொருவரையும் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். வாயால் சொல்லிக்கொடுத்தது அந்த அரை நொடியில் நினைவுக்கு வராது.

கடைசியாக ஒன்று. சம்பவம் நடந்த நேரத்தில் அனுப்ப வேண்டிய லாரி ஏதாவது காத்திருந்ததா, ஆபரேட்டரை யாராவது "சீக்கிரம்" என்று சொன்னார்களா என்று விசாரியுங்கள். சொன்னவர் நீங்களாக இருந்தால் அதையும் அறிக்கையில் எழுதுங்கள். எழுதினால் உங்கள் மேல் நிர்வாகத்துக்குக் கோபம் வரலாம். ஆனால் ஆபரேட்டர்கள் உங்களிடம் உண்மை பேச ஆரம்பிப்பார்கள், இந்த வேலைக்கு அது இல்லாமல் முடியாது.

இதையெல்லாம் நீங்கள் தனியாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டாம். அந்தப் பெண்ணையும் அந்த ஆபரேட்டரையும் சேர்த்து அழைத்துக்கொண்டு, வேலை நேரத்திலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கி, மூன்று பேருமாகக் கிடங்கு முழுக்க நடந்து வாருங்கள். இரண்டு பேருமே அன்று இரவு தூங்கியிருக்க மாட்டார்கள். எந்த முனையில் வண்டி தெரியவில்லை என்று அவர் சொல்வார், எந்த முனையில் ஆள் தெரியவில்லை என்று இவர் சொல்வார். வரைபடத்தில் குறிக்கும் பேனாவை அவர்கள் கையில் கொடுங்கள்.